எழுத்துக்கு ஓர் அகலப் பாதை

ஓலையில் எழுதிய தமிழைக் கறையான் தின்றது. வெள்ளம் கொண்டு சென்றது. தாளில் அச்சிட்ட தமிழை ஈரமும் காலமும் அரித்தன. கணினியில் ஏற்றிய தமிழுக்குக் கறையானும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஆயினும் அதற்கும் ஓர் அழிவு உண்டு. கோப்பு இருக்கும், அதன் அளவும் குறைந்திராது, திறந்து பார்த்தால் மட்டும் அங்கே தமிழ் இராது. ஓரிடத்தில் எழுத்துகள் கட்டம் கட்டமாக நிற்கும்; மற்றோரிடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசை வரிசையாகக் கிடக்கும்.

நம் விவேக் நகரில், குழந்தை ஏசு ஆலயத்தைச் சூழ்ந்த தெருக்களிலும், அடுத்துள்ள ஈஜிபுரா, நீலசந்திரா, ஆஸ்டின் டவுன் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்காட்சி புதிதன்று. தந்தையார் ஒரு காலத்தில் தட்டச்சு செய்வித்து வைத்த கவிதை, மகளின் திருமண அழைப்பிதழ், சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைத் தேடி எடுத்துத் திறக்குங்கால் இவ்வின்னல் எதிர்ப்படுகிறது. ‘கணினி கெட்டுவிட்டது’ என்பார் ஒருவர். ‘நேற்று அப்டேட் செய்தேன், அதனால் வந்த வினை’ என்பார் மற்றொருவர். பழுது பார்க்கக் கொடுத்தால், உள்ளவற்றையெல்லாம் துடைத்துவிட்டு மென்பொருளைப் புதிதாக நிறுவித் தருவோரும் உளர். நோய் தீராது, இருந்த கோப்பும் போய்விடும்.

இது பொறியின் நோய் அன்று; உடன்பாடு இல்லாமையால் வந்த நோய். அந்நோயின் வரலாற்றை அறிந்தவர் பெரும்பாலும் தாமே அதனைத் தீர்த்துக்கொள்ள இயலும் என்பதே நாம் ஈண்டுக் கூற விழைவது.

எண்ணும் வடிவும்

கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். நாம் ஒரு விசையை அழுத்தியதும் ஓர் எண் உள்ளே சென்று தங்குகிறது. திரையில் காட்டும்பொழுது அவ்வெண்ணுக்குரிய வடிவத்தை எடுத்து நிறுத்துகிறது. பழைய அச்சகங்களில் அச்சுக்கோப்பவர் முன்னே சிறு சிறு அறைகள் கொண்ட பெட்டி இருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்தின் அச்சு கிடக்கும். கணினியின் எண், அறையின் எண் போன்றது. ‘எழுத்துரு’ எனப்படும் ஃபாண்ட், அவ்வறையில் கிடக்கும் அச்சுப் போன்றது. எந்த அறையில் எந்த எழுத்து என்பதில் அனுப்புவோரும் பெறுவோரும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில், ‘அ’ வேண்டி அனுப்பிய எண்ணுக்கு வேறோர் எழுத்து வந்து நிற்கும். அறையே வெறுமையாக இருந்தால் வெற்றுக் கட்டம் நிற்கும்.

1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘ஆஸ்கி’ என்னும் அட்டவணை வகுக்கப்பட்டது. அதில் 128 இடங்கள் இருந்தன. ஆங்கிலப் பெரிய எழுத்தாகிய ‘ஏ’ 65-ஆம் இடத்தைப் பெற்றது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கும், சிறியன பெரியன ஆகிய இரு வடிவங்களுக்கும், இலக்கங்களுக்கும், நிறுத்தக் குறிகளுக்கும் அவ்விடங்கள் போதுமானவையாயின. பின்னர் இடங்கள் 256 ஆகப் பெருகியபோதும், கூடுதலாகக் கிடைத்தவை 128 இடங்களே. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகள் உள்ளன. அத்துணை எழுத்துகளை அச்சிறு இடத்தில் அடக்குவது எவ்வாறு? இவ்வினாவிலிருந்தே தமிழ்க் கணினியின் வரலாறு தொடங்குகிறது.

தட்டச்சிலிருந்து எழுத்துரு வரை

இவ்வினாவைக் கணினிக்கு முன்னரே எதிர்கொண்டவர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா, தமிழுக்கெனத் தட்டச்சுப் பொறியின் விசைப் பலகையை வகுத்தவர். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை வைக்க இயலாதாகலின், கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றைப் பிரித்துச் சேர்க்கும் முறையை அவர் கையாண்டார். பிறந்த மண்ணை விட்டுச் சென்ற ஒருவரே இத்தொண்டில் முன்னின்றார் என்பதை, பிழைப்பை நாடிக் கருநாடகம் வந்த நாம் நினைவிற் கொள்ளத் தகும். 1978-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்றது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலியவற்றின் பழைய தனி வடிவங்கள் நீங்கின. இதனால் பொறிக்குரிய சுமையும் ஓரளவு குறைந்தது.

1980-களில் தனியாள் கணினிகள் பரவத் தொடங்கின. இங்கும் வெளிநாட்டுத் தமிழரே முந்தினர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். கனடாவில் ‘ஆதமி’ தோன்றியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை ஆக்கி இலவசமாக அளித்தார். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்னும் முறையை உருவாக்கினார். ஈழத் தமிழரிடையே ‘பாமினி’ பரவியது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் ‘வானவில்’ பரவியது. அச்சகங்களில் ‘ஸ்ரீலிபி’ முதலியன வழங்கின.

இவர்களுட் பலர் கையாண்ட உத்தி எளிமையானது. ஆங்கில எழுத்துகளின் அறைகளிலிருந்து ஆங்கில அச்சை எடுத்துவிட்டுத் தமிழ் அச்சை இட்டனர். கணினி தான் ஆங்கிலத்தையே வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும். கண்ணுக்கோ தமிழ் தெரியும். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால், உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் அவ்வைந்துமே தோன்றும். ‘இது என்ன மொழி?’ என்று பேரப்பிள்ளை கேட்பான். அது தமிழே, வேடம் கலைந்த தமிழ்.

இம்முன்னோடிகளைக் குறை கூறுதல் தகாது. பெரிய நிறுவனங்கள் தமிழை நினையாத காலத்தில், கைப்பொருளையும் ஓய்வு நேரத்தையும் செலவிட்டுத் தமிழைத் திரைக்குக் கொணர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் ஆளுக்கொரு அட்டவணை வகுத்தமையால், ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க இயலாத நிலை உண்டாயிற்று.

இரு தண்டவாளங்களின் பாடம்

இரயில்வேயில் ஊழியம் புரியும் நமக்கு இந்நிலை வியப்பளிப்பதன்று. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்ட்டுக்கு 1864-இல் அகலப் பாதை வந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர். மைசூர்ப் பக்கம் பின்னர் அமைந்ததோ 1000 மில்லிமீட்டர் கொண்ட மீட்டர் பாதை. இரண்டும் நல்ல பாதைகளே. இரண்டிலும் வண்டிகள் ஓடின. எனினும் ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. சென்னையிலிருந்து வந்த சரக்கு மைசூர்ப் பக்கம் செல்ல வேண்டுமாயின், மூட்டைகளை இறக்கி மறு வண்டியில் ஏற்ற வேண்டும். இறக்கி ஏற்றுமிடத்தில் காலம் போகும், கூலி போகும், சில நேரம் சரக்கும் சேதமாகும். இத்துன்பத்தை நீக்கவே 1992-ஆம் ஆண்டு இந்திய இரயில்வே ‘யூனிகேஜ்’ என்னும் ஒரே பாதைத் திட்டத்தைத் தொடங்கிற்று.

தமிழ் எழுத்துருக்களின் நிலையும் அதுவே. முரசு ஒரு பாதை, மயிலை ஒரு பாதை, பாமினி ஒரு பாதை, வானவில் ஒரு பாதை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல, இறக்கி ஏற்றியே ஆக வேண்டும். அவ்விறக்கி ஏற்றும் வேலைக்கே இன்று ‘கன்வர்ட்டர்’ என்னும் குறியீட்டு மாற்றிகள் உதவுகின்றன.

உடன்பாட்டை நோக்கி

1997-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ கருத்தரங்கு கூடிற்று. நா. கோவிந்தசாமியின் முயற்சி அதற்கு அடிப்படையாயிற்று. பல நாட்டுத் தமிழறிஞரும் கணினி வல்லுநரும் ஒரே அவையில் அமர்ந்து பொதுக் குறியீட்டின் தேவையை ஆராய்ந்தனர். 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் கல்யாணசுந்தரம் முதலிய அன்பர்கள் ‘மதுரைத் திட்டத்தை’த் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றலாயினர். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு நடந்தது. அதன்பின் தமிழ்நாட்டரசு, தமிழுக்கு மட்டும் உரிய ‘டேம்’, தமிழும் ஆங்கிலமும் கலந்த ‘டேப்’ ஆகிய இரு குறியீடுகளையும், ‘தமிழ் 99’ விசைப் பலகையையும் ஏற்றுக்கொண்டது. அப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் அமைந்தன. புள்ளிகள் பலவற்றைப் பலகையே தானாக இட்டுக்கொள்வதால் விரலுக்கு வேலை குறைந்தது. இணைய அன்பர்கள் வகுத்த ‘டிஸ்கி’ குறியீடும் அக்காலத்தே பரவிற்று. 2000-ஆம் ஆண்டு ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது.

இதற்கிடையே உலகம் வேறொரு பெரும் உடன்பாட்டை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதுவே ‘யூனிகோட்’, தமிழில் ஒருங்குறி. 1991-இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. உலக மொழி ஒவ்வொன்றின் எழுத்துக்கும், வேறு எவ்வெழுத்துக்கும் தரப்படாத தனி எண் ஒன்றை அளித்தல் அதன் கொள்கை. அவ்வட்டவணையில் தமிழ்ப் பகுதி 2944 முதல் 3071 வரை அமைந்துள்ளது. ‘அ’ 2949, ‘க’ 2965. விவேக் நகரில் அடித்தாலும், யாழ்ப்பாணத்தில் அடித்தாலும், டொராண்டோவில் அடித்தாலும் ‘க’ 2965 தான். ஆங்கில எழுத்தின் அறையைக் கடன் வாங்க வேண்டியதில்லை. வேடம் புனைய வேண்டியதுமில்லை. இரயில்வே யூனிகேஜும் எழுத்தின் யூனிகோடும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியமை இனியதோர் ஒற்றுமை.

ஒருங்குறியும் எல்லார்க்கும் உடனே உவப்பாக அமையவில்லை. இந்திய அரசு வகுத்த ‘இஸ்கி’ முறையைத் தழுவியதால், உயிர்மெய் எழுத்துகளுள் பெரும்பாலானவற்றுக்கு அதில் தனி எண் இல்லை. ‘கி’ என்பது ‘க’ வின் 2965-உம், கொக்கியின் 3007-உம் சேர்ந்தது. ‘கொ’ என்பதில், கொம்பு கண்ணுக்கு முன்னே நின்றாலும் எண்ணில் பின்னேயே வரும். அதனை முன்னே கொணர்ந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று வாதிட்டோர் ‘டேஸ் 16’ என்னும் முறையை வகுத்தனர். 2010-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்று, தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் டேஸ் 16-ஐயும் ஏற்று ஆணையிட்டது. மக்கள் வழக்கில் வென்றது ஒருங்குறியே.

நம் ஊர் கண்ட முயற்சி

‘டேப்’ எனப்படும் பலகைக் கணினியின் வரலாற்றிலும் பெங்களூருக்கு ஓர் இடம் உண்டு. இங்குள்ள இந்திய அறிவியற் கழகத்தைச் சார்ந்த அறிஞர்களும் ‘என்கோர்’ மென்பொருள் நிறுவனத்தாரும் கூடி, 1999-இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினர். கையில் அடங்கும் அளவு. தொட்டு இயக்கும் திரை. எளியோர் பலர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு ஸ்மார்ட் கார்டு. எழுதியதை இந்திய மொழிகளில் ஒலித்துக் காட்டும் நோக்கம். 2004-ஆம் ஆண்டு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையுடன் ‘அமிடா சிம்ப்யூட்டர்’ விற்பனைக்கு வந்தது. எதிர்பார்த்த அளவு அது விலைபோகவில்லை. ஆயினும் ஆங்கிலம் அறியாதவர்க்கும் கணினி உரியது என்னும் எண்ணத்தை, ஐபேடு தோன்றுவதற்கு ஆறாண்டுகள் முன்னரே கடைக்குக் கொணர்ந்த பெருமை இவ்வூரைச் சார்ந்தது. நம் கன்னட நண்பர்களும் இதே இன்னலைக் கடந்தவர்களே. ‘நுடி’யில் அடித்த கன்னடக் கோப்புகள் ஒருங்குறிக்கு மாறும்போது அவர்கள் பட்ட பாடும் நம் பாடும் ஒன்றே.

குறி அறிந்து மருந்து

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டால், திரையைப் பார்த்த அளவில் நோய் இன்னதென்று கூறலாம்.

முதலாவது, வெற்றுக் கட்டங்கள் தோன்றினால், எண் சரியாகவே உள்ளது. அதற்குரிய எழுத்துரு அப்பொறியில் இல்லை. தொடக்ககால ஆண்டிராய்டு கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் கட்டமாகத் தோன்றியது இதனாலேயே. மென்பொருளைப் புதுப்பித்தலே இதற்கு மருந்து. விண்டோஸ் 2000-இல் ‘லதா’ எழுத்துருவுடன் தமிழ் வந்தது. விண்டோஸ் 10-இல் லதா விருப்பக் கூறாக ஒதுக்கப்பட்டு, ‘நிர்மலா’ எழுத்துரு பொதுவாயிற்று. புதுப்பித்தபின் லதாவைக் காணோம் என்பவர், அமைப்புகளில் விருப்பக் கூறுகள் பகுதிக்குச் சென்று தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, கொம்பு இடம் மாறி நின்றாலோ, புள்ளிகளாலான வட்டம் ஒன்று இடையே தோன்றினாலோ, எண்ணும் எழுத்துருவும் உள்ளன; அடுக்கும் மென்பொருள் பழையது. இதற்கும் புதுப்பித்தலே வழி. புதுப்பிப்பு வருவதே நின்றுபோன பழைய டேப்பாயின், கோப்பை வேறொரு பொறியில் திறந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றினால், கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உள்ளது. தலையில் கோடும் புள்ளியும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகள் மிகுந்திருந்தால், டிஸ்கியோ டேப் குறியீடோ ஆதல் கூடும். இதனைப் புதுப்பித்தல் தீர்க்காது. உரிய எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம்; மாற்றி கொண்டு ஒருங்குறிக்குக் கொணர்ந்தால் என்றும் படிக்கலாம். சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் வெளியிட்ட என்.எச்.எம். மாற்றி போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கென்றே எழுந்தவை. மாற்றியபின் ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தல் வேண்டும். இடையிடையே மெய்யாகவே ஆங்கிலத்தில் இருந்த பெயர்களையும் மாற்றி தமிழென்று கருதிக் குழப்பிவிடும்.

நான்காவது, எழுத்துகளுக்கு ஈடாக வினாக்குறிகள் வரிசையாகத் தோன்றினால், அதுவே கொடிய நோய். ஒருங்குறியில் இருந்த தமிழை, தமிழுக்கு இடமில்லாத பழைய முறையில் யாரோ சேமித்துவிட்டனர், எண்களே அழிந்துவிட்டன. அப்படியிலிருந்து தமிழை மீட்டல் இயலாது. ஆகவே, கோப்பு கலங்கித் தோன்றும்போது ‘சேமி’ என்னும் பொத்தானைத் தொடாது மூடிவிடுக. முதலில் அதற்கு ஒரு படி எடுத்து வைத்து, அப்படியிலேயே சோதனை செய்க. புதுப்பிக்கும் முன்னும், கடையில் கொடுக்கும் முன்னும் இவ்விதி பொருந்தும்.

பி.டி.எஃப். கோப்பைப் பற்றியும் ஒரு சொல். பழைய எழுத்துருவில் ஆக்கிய பி.டி.எஃப்., தன்னுள்ளேயே எழுத்துருவைச் சுமந்து நிற்பதால் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதில் ஒரு பெயரைத் தேடினால் அகப்படாது. வெட்டி ஒட்டினால் மீண்டும் ஆங்கிலக் குப்பையே வரும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்குத் தமிழன்று. தாளில் அச்சான படி மட்டும் எஞ்சியிருந்தால், அதனைப் படமெடுத்து, கூகுள் டிரைவில் உள்ளதுபோன்ற எழுத்துணரியால் தமிழாக்கிக்கொள்ளலாம். பிழை திருத்தம் மட்டும் நம் பொறுப்பு.

நம் கடமை

புலம்பெயர்ந்தோர் சங்கம் ஒன்றின் வரலாறு எங்கே உள்ளது? அரசின் ஆவணக் களரியில் தேடினால் அது கிடைப்பது அரிது. நூற்றாண்டு கடந்த நாளிதழ்களிலும் கிடைப்பது அரிது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பிலும், ஆண்டு மலரிலும், சந்தாப் பட்டியலிலும், மறைந்த உறுப்பினருக்கு எழுதிய இரங்கல் உரையிலுமே உள்ளது. கையெழுத்துக் குறிப்பேடுகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. 1990-களின் இறுதியிலும் 2000-க்குப் பின் சில ஆண்டுகளிலும் கணினியில் ஏற்றியவையே பெரிதும் ஆபத்தில் உள்ளன. முந்தைய தலைமுறையின் மைக்கு வாய்த்த ஆயுள், பிந்தைய தலைமுறையின் கோப்புக்கு வாய்க்கவில்லை. ஃபிளாப்பித் தட்டைப் படிக்கும் கருவியே இன்று அரிதாயிற்று. குறுந்தகடும் அவ்வழியே செல்கிறது.

ஆகலின் அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இது. வீட்டுப் பரணிலும் மேசையறையிலும் கிடக்கும் பழைய தட்டுகளை, ‘திறக்கவில்லை’ என்று எறிந்துவிடாதீர்கள். சங்கத்துக்குக் கொணருங்கள். எந்த ஆண்டில், எந்த எழுத்துருவில் அடித்தது என்பது நினைவிருந்தால் ஒரு துண்டுத் தாளில் குறித்து உடன் வையுங்கள். அவ்வொரு சொல் பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும். கணினி பயின்ற நம் இளைஞர்கள் ஞாயிறுதோறும் ஓரிரு மணி நேரம் ஒதுக்கினால், ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். தமிழ் எழுதப் படிக்க அறியாத பிள்ளைகளும் மாற்றியை இயக்கலாம்; தமிழறிந்த பெரியோர் அருகிருந்து பிழை திருத்தலாம். இவருக்கு அவர் துணை. அவருக்கு இவர் துணை. அவ்வாறு திருத்தும்போது பிள்ளைகள் சில தமிழ்ச் சொற்களையும் கற்பர் என்பது இதில் கிடைக்கும் வட்டி.

பாதை மாற்றும் பணி நடக்கும்போது சில காலம் வண்டி நிற்கும், பயணிகள் முணுமுணுப்பர். மாற்றி முடித்தபின், மூட்டையை இறக்கி ஏற்ற வேண்டிய தேவை எக்காலத்தும் இராது. எழுத்துக்குரிய அகலப் பாதையை அறிஞர்கள் போட்டு முடித்துவிட்டனர். பழைய பாதையில் நிற்கும் நம் சரக்கை இப்பாதையில் ஏற்றும் வேலை ஒன்றே எஞ்சியுள்ளது. அதனை ஏற்ற வேண்டியவர்கள் நாமே. ஏற்ற வேண்டிய காலமும் அத்தட்டுகள் உயிரோடிருக்கும் இக்காலமே.